பொள்ளாச்சியிலிருந்து கார்வாருக்குத் தனியாக சைக்கிளில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சியில் கிளம்பி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளக் கரைக்கு இறங்கி, அங்கிருந்து வடக்கே திரும்பி, மங்களூரு, உடுப்பி தாண்டி, மலைக்காடு கடலை ஒட்டி வரும் உத்தர கன்னட மாவட்டத்தின் கார்வார் வரை. மொத்தம் 700 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். ஒற்றைப் பெண்ணாக இந்தப் பாதையை ஓட்டி வந்தவள் என்று தெரிந்ததிலிருந்து கல்யாணப் பந்தியில், சைக்கிள் கடையில், தறிக்குடோன் வாசலில் என்று எங்கே பார்த்தாலும் கேள்விதான். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கடலே இல்லாத ஊர்க்காரங்களுக்கு எதுக்குங்க கடற்கரைப் பயணம்?

நம்மிடம் கடல் இல்லைதான். ஆனால் பொன்னானிக் கடற்கரை பொள்ளாச்சியிலிருந்து 130 கிலோமீட்டர் சொச்சம். மெரினாவுக்குப் போகும் தூரத்தில் நாலில் ஒரு பங்கு. இன்னொன்று, ஆழியாற்றுத் தண்ணீர் கேரளாவுக்குள் போய் பாரதப்புழாவில் சேர்ந்து பொன்னானியில்தான் கடலில் கலக்கிறது. பாலக்காடு, ஒற்றப்பாலம், பட்டாம்பி, குற்றிப்புறம் என்று அந்த ஆற்றை ஒட்டியே நாமும் மிதிக்கிறோம். வழி தெரியாமல் போய்விடுமோ என்ற பயம் முதல் இரண்டு நாளைக்குத் தேவையே இல்லை.

எந்த மாசம் போகலாம்?

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம். கோவையில் வருஷம் முழுக்கப் பெய்வது 600, 700 மில்லிமீட்டர். ஹொன்னாவர், கார்வார் பக்கம் 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும், அதில் பெரும்பகுதி இந்த நாலு மாசத்திலேயே கொட்டித் தீர்த்துவிடும். மார்ச்சுக்கு மேல் புழுக்கம். நம் ஊர் வெயில் காய்ந்த வெயில், நிழலில் நின்றால் சரியாகிவிடும். அங்கே நிழலிலும் வேர்க்கும்.

சிவராத்திரியை ஒட்டி கோகர்ணத்தில் அறை கிடைக்காது. பொங்கல் லீவிலும், வருஷக் கடைசியிலும் அப்படித்தான்.

மேடு அதிகமா? ஏற முடியுமா?

எல்லாரும் மேட்டைத்தான் கேட்கிறார்கள், காற்றைக் கேட்பவர் யாரும் இல்லை. இந்தப் பயணத்தில் கணக்குப் போட வேண்டியது காற்றைத்தான்.

வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு பெரிய இடைவெளி வேறு எங்கும் இல்லை. ஆனி ஆடியில் அரபிக்கடல் காற்று இதற்குள் புகுந்து வந்துதான் உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மார்கழி தையில் அதே இடைவெளியில் காற்று திரும்பிவிடும், கிழக்கிலிருந்து மேற்கே போகும். அப்போது கிளம்பினால் பாலக்காடு வரை காற்று பின்னாலிருந்து தள்ளும். பொள்ளாச்சி கடல் மட்டத்திலிருந்து 290 மீட்டர் சொச்சம், பாலக்காடு 80 மீட்டரை ஒட்டி. இறக்கமும் சேர்ந்துகொள்வதால் கோழிஞ்சாம்பாறை தாண்டியதும் பல இடங்களில் மிதிக்காமலே வண்டி ஓடும்.

கடற்கரைக்குப் போய் வடக்கே திரும்பியதும் கதை வேறு. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, தரைமேல் காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல் காற்று உள்ளே வரும். குளிர்மாதங்களில் அது வடமேற்கிலிருந்து வரும், நாமும் அந்தத் திசையை நோக்கித்தான் போகிறோம். பகல் பதினொரு மணிக்கு மேல் மணிக்கு 18 கிலோமீட்டரில் போன வண்டி 12-க்கு இறங்கிவிடும். காலுக்கு வலி வருவதற்கு முன் மனசுக்கு எரிச்சல் வரும்.

இதற்கு ஒரே வழி, விடியற்காலையில் கிளம்புவது. ஆறரை மணிவாக்கில் வெளிச்சம் தட்டுப்படும்போது சக்கரம் உருள வேண்டும். அந்த நேரத்தில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று இருக்கும், அது தொந்தரவு செய்யாது. பத்தரை, பதினொன்றுக்குள் அன்றைய தூரத்தில் முக்கால்வாசியை முடித்துவிட்டு, சாப்பிட்டுப் படுத்து, மிச்சத்தை நாலு மணிக்கு மேல் ஓட்டலாம். உத்தர கன்னடத்தில் கிழக்கே மலை இருப்பதால் காலை வெயில் தலைக்கு வரத் தாமதமாகும். அதுவும் நமக்குச் சாதகம்.

காற்றைத் தவிர்த்தே ஆக வேண்டும் என்றால் ரயிலில் கார்வார் போய், அங்கிருந்து தெற்கே ஓட்டி வரலாம். கடற்கரை முழுக்க சுகம். ஆனால் உடம்பு களைத்த கடைசி நாளில், பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு மேட்டில், எதிர்க்காற்றில் வர வேண்டும். எனக்கு அது சரிப்படவில்லை.

மேட்டைப் பற்றி இரண்டு வரி: ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறியவருக்கு இந்தப் பாதையில் மலையே இல்லை. ஆனால் கண்ணூருக்கு வடக்கே செம்புரைக்கல் மேடுகள் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்துகொண்டே இருக்கும்.

காடு எங்கிருந்து ஆரம்பிக்குது? கேரளா முழுக்கக் காடுதானே?

இல்லை. பொன்னானி முதல் கண்ணூர் வரை கரையோரம் வீடு, கடை, பள்ளிவாசல், தென்னை, மறுபடி வீடு. ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. திரூர், தானூர், பரப்பனங்காடி வழியாகப் போகும் கரையோரச் சாலை நெடுஞ்சாலையைவிட நிம்மதி. கண்ணூருக்கு முன்னால் முழப்பிலங்காடு கடற்கரையில் நாலு கிலோமீட்டர் கெட்டி மணலில் கார்களே ஓடும், சைக்கிளும் ஓடும். ஓட்டிய அன்றே நல்ல தண்ணீரில் செயினைக் கழுவிவிடுங்கள்.

குந்தாபுரா தாண்டி மரவந்தேயில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவில் ரோடு. எல்லாரும் போட்டோ எடுக்கும் இடம். சரி, எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது பட்கலுக்கு வடக்கே வருவது.

பட்கல், ஹொன்னாவர், கும்டா, அங்கோலா, கார்வார். இந்த வரிசையில்தான் மலை கடலை நெருங்கிக்கொண்டே வருகிறது. உத்தர கன்னட மாவட்டத்தின் பெரும்பகுதி காடு. ஹொன்னாவரில் ஷராவதி, கும்டாவுக்கு வடக்கே அகநாசினி, அங்கோலாவுக்கு முன் கங்காவளி, கார்வாரில் காளி என்று நாலு ஆறுகள் கடலில் சேர்கின்றன. ஒவ்வொன்றின் முகத்துவாரத்திலும் அலையாத்திக் காடு. அந்த ஈரமான சேற்று வாசனை ரோட்டுக்கே வரும். கும்டா தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மிர்ஜான் கோட்டை. செம்புரைக்கல் சுவர் முழுக்கப் பாசி படர்ந்து, மழை முடிந்த மாதங்களில் பச்சையாக நிற்கும். 16-ஆம் நூற்றாண்டில் கெருசொப்பாவை ஆண்ட ராணி சென்னபைராதேவியின் கோட்டை. மிளகு வியாபாரத்தைக் கையில் வைத்திருந்ததால் போர்ச்சுகீசியர் அவரை மிளகு ராணி என்றார்கள். சைக்கிளை வாசலில் பூட்டிவிட்டு ஒரு மணி நேரம் உட்காரலாம்.

நெடுஞ்சாலை சலித்துப்போனால், கும்டாவிலிருந்து அகநாசினி கிராமத்துக்குப் போய், படகில் சைக்கிளோடு அக்கரையில் இருக்கும் ததடிக்குக் கடந்து கோகர்ணம் சேரலாம். படகு நேரத்தைக் கும்டாவிலேயே விசாரித்துவிடுங்கள். போகிற வழியில் சாணிகட்டாவில் உப்பளங்கள் இருக்கின்றன.

அங்கோலா தாலுகாவில் ஹொன்னள்ளி என்று ஒரு ஊர். வனத்துறை நாற்றங்காலில் கூலிக்குச் சேர்ந்து, ஆயுள் முழுக்க மரக்கன்று வளர்த்து, பத்மஸ்ரீ வாங்கிய துளசி கௌடா அந்த ஊர்க்காரர். 2024 டிசம்பரில் காலமானார். ரோட்டோரக் காட்டைப் பார்க்கும்போது, அது தானாக மட்டும் முளைத்ததில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

காட்டுல யானை, சிறுத்தை எல்லாம் வராதா?

இந்தப் பயணத்தில் யானை எதிர்ப்பட வாய்ப்புள்ள இடம் நம் வீட்டுப் பக்கம்தான். கோவையிலிருந்து கிளம்புகிறவர்கள் மதுக்கரை, வாளையாறு பகுதியை நல்ல வெளிச்சத்தில் கடக்க வேண்டும். அங்கே தண்டவாளத்தில் யானைகள் அடிபட்ட சேதி எல்லாருக்கும் தெரியும். கார்வார் கரையோர நெடுஞ்சாலையில் யானை பயம் அந்த அளவுக்கு இல்லை. அதற்காக இருட்டில் காட்டுக்குள் பிரியும் கிளைச் சாலையில் போகாதீர்கள். சத்தியமங்கலம் காட்டில் ஆசனூர், தலமலைப் பக்கம் பழகியவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு புதிதில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது மலைச்சரிவுக்கு. ரோட்டை அகலப்படுத்த மலையைச் செங்குத்தாக வெட்டிய இடங்கள் வழி நெடுக உண்டு. 2024 ஜூலை 16 அன்று அங்கோலாவுக்குப் பக்கத்தில் ஷிரூரில் மலை சரிந்து நெடுஞ்சாலை மேலே விழுந்தது. ரோட்டோர டீக்கடை போனது, லாரி கங்காவளி ஆற்றுக்குள் போனது, பலர் உயிரிழந்தார்கள். வெட்டிய மண்சுவருக்குக் கீழே நிழல் நன்றாக இருக்கும். அங்கே மட்டும் உட்கார வேண்டாம். மழை பெய்திருந்தால் நிற்கக்கூடச் செய்யாதீர்கள்.

ஏன் அம்மிணி, தனியாவா போன? பயமா இல்லியா?

பெரியம்மா முதல் பேங்க் காசாளர் வரை இதைக் கேட்காதவர் இல்லை. பகலில் பயமே இல்லை. கடற்கரை நெடுக மனித நடமாட்டம் உண்டு, காடு அடர்ந்த இடத்திலும் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் ஒரு டீக்கடை வந்துவிடும். சாயங்காலம் ஐந்தரைக்குள் அறைக்குள் இருப்பது என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன், அதை மீறவில்லை.

தங்குமிடம்தான் கொஞ்சம் தலைவலி. சின்ன ஊர் லாட்ஜ்களில் தனிப் பெண்ணுக்கு அறை இல்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அதனால் முந்தின இரவே போன் போட்டு, "ஒருத்திதான், சைக்கிளில் வர்றேன், சைக்கிளை உள்ளே வைக்கணும்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். உடுப்பி, கோகர்ணம் மாதிரிக் கோயில் ஊர்களில் குடும்பங்கள் தங்கும் விடுதிகள் நிறைய, அங்கே பிரச்சினை குறைவு. ஆதார் அட்டை அசலைக் கையில் வைத்திருங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181. இரண்டும் எந்த மாநிலத்திலும் வேலை செய்யும்.

டென்ட் போட்டுக் கடற்கரையில் தூங்கலாமா என்று கல்லூரிப் பையன்கள் கேட்கிறார்கள். நீங்கள் இரண்டு மூன்று பேராக இருந்து, ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டுப் போட்டால் சரி. தனியாக என்றால் நான் சொல்ல மாட்டேன்.

எந்த சைக்கிள் வாங்கறது? ஒரு லட்ச ரூபா சைக்கிள் வேணுமா?

வேண்டாம். கியர் இருக்க வேண்டும், பின்னால் கேரியர் மாட்ட பிரேமில் துளை இருக்க வேண்டும், டயர் 32 முதல் 38 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். சாதாரண ஹைப்ரிட் சைக்கிளில் இது மூன்றும் கிடைக்கும். மெல்லிய டயர் ரேஸ் சைக்கிளை நெடுஞ்சாலை வேலை நடக்கும் ஜல்லியில் ஓட்டினால் நரகம்.

கடையில் யாரும் சொல்லாத ஒன்று: வால்வைப் பாருங்கள். மோட்டார் பைக்கில் இருக்கும் அதே தடித்த வால்வு என்றால் எந்த பெட்ரோல் பங்க்கிலும் காற்றுப் பிடிக்கலாம். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் பை மாட்டி ஓட்டாதீர்கள், எடை முழுக்கக் கேரியரில் இருக்கட்டும். துணிக்குத் திருப்பூர் காதர்பேட்டையில் போய், சட்டென்று காயும் பாலியஸ்டர் பனியன் இரண்டு எடுத்தால் போதும். பருத்தி வேண்டாம், அந்தக் கரையோர ஈரத்தில் ராத்திரி துவைத்துப் போட்டது காலையிலும் சொதசொதவென்று இருக்கும்.

பஞ்சர் ஆனா என்ன பண்றது?

நீங்களே ஒட்ட வேண்டும். கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இந்த நெடுஞ்சாலையில் ஆணியைவிட அதிகம் குத்துவது, வெடித்த லாரி டயரிலிருந்து உதிரும் முடிபோன்ற கம்பி. வெளியே கண்ணுக்குத் தெரியாது. டியூபை மாற்றிக் காற்றடித்துக் கிளம்பினால் அரை மணி நேரத்தில் அதே இடத்தில் மறுபடி குத்தும். டயரின் உள்பக்கத்தை விரலால் ஒரு முழுச் சுற்று மெல்லத் தடவுங்கள். சுருக்கென்று பட்டதும் புருவம் பிடுங்கும் இடுக்கியால் இழுத்துவிட்டு, அப்புறம் டியூபைப் போடுங்கள். இரண்டு உபரி டியூப், லெவர், ஒட்டும் பெட்டி, கைப்பம்பு, செயின் எண்ணெய். இதற்கு மேல் தூக்கிச் சுமக்காதீர்கள். போக்ஸ் கம்பி உடைந்தால் கோழிக்கோடு, மங்களூரு மாதிரிப் பெரிய ஊர்களில் கடை இருக்கிறது.

உப்புக் காற்றுக்குச் செயின் இரண்டே நாளில் சிவக்கும். தினமும் ராத்திரி பழைய துணியால் துடைத்து ஒரு சொட்டு, ஒரு சொட்டாக எண்ணெய்.

சாப்பாடு ஒத்துக்குமா?

அரிசியும் பருப்பும் சாப்பிட்டு வளர்ந்த வயிற்றுக்கு எல்லாம் ஒத்துக்கொள்ளும். கேரளாவில் காலையில் புட்டும் கடலையும், மங்களூரு தாண்டினால் நீர்தோசை, வாழைப்பழம் போட்டுப் பிசைந்து பொரித்த பன்ஸ், குச்சலக்கி என்னும் புழுங்கலரிசிக் கஞ்சி. பன்ஸ் இரண்டு, டீ ஒன்று, இருபது கிலோமீட்டர் தாங்கும். மத்தியானத்துக்குப் புனர்புளி (கோகம்) சாறு கேளுங்கள்.

பசி எடுத்தபிறகு சாப்பிடுவது சைக்கிளில் தாமதம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். கணக்கு வேண்டாம் என்பவர்கள் முக்கால் மணிக்கு ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு கடலை மிட்டாய் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் சுட்ட கச்சாயம் இரண்டு மூன்று நாள் கெடாமல் வரும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையக் கூடாது. வேர்வை சட்டையில் வெள்ளையாகப் படிந்தால் வெறும் தண்ணீர் போதாது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு மட்டக்கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. டீஸ்பூனைத்தான் சொல்கிறேன், குழம்புக் கரண்டி இல்லை.

எப்படிப் பழகறது? தினமும் எவ்வளவு ஓட்டணும்?

ஒரு நாளைக்கு 70, 80 கிலோமீட்டர் என்று வைத்தால் பார்க்கவும் நேரம் இருக்கும். பழக நம் ஊரைவிட நல்ல இடம் இல்லை. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் மேட்டில் தினசரி ஓட்டுங்கள். பவானி, கோபிப் பக்கத்தவர்களுக்குக் கீழ்பவானி வாய்க்கால் இருக்கிறது. அப்புறம் காற்று வீசும் மாதத்தில் வேண்டுமென்றே உடுமலையிலிருந்து மேற்கே பார்த்து பொள்ளாச்சி வாருங்கள். எதிர்க்காற்றில் தலையைக் குனிந்து, கியரைக் குறைத்து, வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் மிதிப்பதுதான் பாதிப் பயிற்சி. கேரியரில் எடை வைத்து ஓட்டிப் பாருங்கள். வெறும் சைக்கிள் ஒரு குணம், மூட்டையோடு வேறு குணம்.

ரோடு எப்படி? லாரிக்காரங்க இடிச்சுட மாட்டாங்களா?

மேற்குக்கரை முழுக்கப் போவது தேசிய நெடுஞ்சாலை 66, பழைய பெயர் 17. பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடுகிறது. அகலப்படுத்தும் வேலையால் அங்கங்கே திருப்பிவிட்டிருப்பார்கள். சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் அதிலேயே போங்கள். லாரியைவிட எனக்கு மீன் லாரியின் தண்ணீர்தான் பயம். சொட்டிக்கொண்டே போகும், வளைவில் வழவழவென்று ரோட்டில் பூசியிருக்கும். விடிகாலையில் கருப்பாகப் பளபளக்கும் தடம் தெரிந்தால் பிரேக்கைத் தொடாமல் நேராகக் கடந்துவிடுங்கள். பின்விளக்கு பகலிலும் எரியட்டும்.

கார்வாரில் காளி ஆற்றின் பழைய பாலம் 2024 ஆகஸ்ட் 7 நள்ளிரவில் இடிந்து விழுந்தது. பக்கத்துப் புதுப் பாலத்தில்தான் போக்குவரத்து. அக்கரையில் இருக்கும் சதாசிவகட் வரை போகிறவர்கள் அதில் ஓரம் பிடித்துப் போக வேண்டும்.

பாஷை?

பாலக்காடு தாண்டியும் தமிழ் கொஞ்சம் செல்லும். மங்களூரு, உடுப்பியில் துளு, கும்டாவுக்கு மேல் கொங்கணி. கர்நாடகத்துக்குள் எங்கும் கன்னடம் போதும். நீரு (தண்ணீர்), ஊட்டா (சாப்பாடு), எஷ்டு (எவ்வளவு), இந்த மூன்றோடு சமாளிக்கலாம். சத்தியமங்கலம், தாளவாடிக்காரர்களுக்கு வீட்டிலேயே கன்னடம் இருக்கும், அவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை.

உட்கார்ற இடம் புண்ணாகுமா? அந்த மூணு நாள் வந்தா?

பெண்கள் தனியாக இழுத்துக் கேட்பது இது. பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை போடக் கூடாது, தையல்தான் உரசிப் புண்ணாக்குகிறது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், அறைக்குப் போனதும் முதல் வேலையாகக் கால்சட்டையைத் துவையுங்கள். மாதவிலக்குக்குக் கப் பழகியிருந்தால் சீட்டில் உட்கார நாப்கினைவிட வசதி. ஆனால் பயணத்தில் முதல்முறையாக முயல வேண்டாம், இரண்டு மூன்று மாதம் முன்பே வீட்டில் பழகுங்கள். வலி அதிகமென்றால் ஒரு நாள் தங்கிவிடுங்கள். கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்க், ரயில் நிலையம், கோயில்.

திரும்பி வர்றது எப்படி?

ரயிலில். கார்வாரிலிருந்து கொங்கண் ரயில்பாதையில் மங்களூரு வந்து, அங்கிருந்து கோவைக்கு நேர் வண்டி பிடிக்கலாம். ஷொரணூர் வரை வரும் வண்டிகளும் உண்டு. சைக்கிளைப் பார்சல் ஆபீசில் உங்கள் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிய வேண்டும். வண்டி சில நிமிடமாவது நிற்கும் ஸ்டேஷனில்தான் ஏற்றுவார்கள் என்பதால் முந்தின நாளே போய்க் கேளுங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, கியர் இருக்கும் பக்கத்தில் அட்டை வைத்துக் கட்டி, பெயரும் இறங்கும் ஊரும் போன் நம்பரும் இரண்டு இடத்தில் எழுதுங்கள். லைட், பம்பு, தண்ணீர் பாட்டில் எதையும் சைக்கிளில் விட்டுவைக்காதீர்கள்.

செலவு?

சைக்கிளை விட்டால் பெரிய செலவு அறை வாடகைதான். சாப்பாட்டுக்கு ஆகும் பணம் நம் ஊரில் வெளியே சாப்பிடுவதைப் போலத்தான் ஆகும்.

எங்க வீட்டுல விடவே மாட்டாங்க. என்னங்க பண்றது?

கார்வார் என்று எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். முதலில் பாலக்காடு போய்விட்டு மறுநாள் திரும்பி வாருங்கள். அடுத்த முறை பொன்னானி. காலையில் கிளம்பும்போது ஒரு போன், மத்தியானம் ஒன்று, அறைக்குள் போனதும் ஒன்று. சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி போன் வந்தால் வீட்டில் பாதிச் சண்டை அடங்கிவிடும். போனில் இருக்குமிடத்தைப் பகிர்ந்து வையுங்கள். ஆனால் காட்டுப் பகுதியில் சிக்னல் போகும், புள்ளி ஒரே இடத்தில் நின்றுவிடும், இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் அப்பா அங்கோலா போலீஸ் ஸ்டேஷனுக்கே போன் போட்டுவிடுவார்.